பத்தாம் நம்பரில் புதுவயல் பயணம்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று காரைக்குடியில் சிலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. நம்பும்படி பேசியது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மெக்கானிக் கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதைப் பிடித்து ஒரு நட்டைக் கழற்றுவது என் வேலையல்ல. (இந்த வித்தியாசத்தை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.) சாயங்காலம் நூலகத்துக்குப் போய் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளில் படம் பார்ப்பேன். மறுநாள் டீக்கடையில் அதை விளக்குவேன்.

அந்த விளக்கத்தில் சிக்கியவர் சோமு அண்ணன். பினாங்கில் கடை வைத்திருந்த செட்டியார் குடும்பம். ஊர் திரும்பியபோது சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. அதில் உட்கார்ந்தால் ரோட்டில் போகும் ஆடு நம்மை நேருக்கு நேர் பார்க்கும். வழவழப்பான ரோட்டுக்குச் செய்த வண்டி. இங்கே ஒவ்வொரு பள்ளத்திலும் தொட்டில் மாதிரி ஆடி, அடிவயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனது.

"என்ன செய்யலாங்கிறீக தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"ஷாக் அப்சார்பர மாத்தணும்ணே. நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் கொறைச்சுக்கிற மாதிரி இப்ப வந்திருக்கு. ரேஸ்காரங்கெல்லாம் அதத்தான் மாட்டுறாங்க" என்றேன், ரேஸ்காரர்களோடு நேற்றுத்தான் டீ குடித்தவன் போல.

அவர் பினாங்கில் இருந்த தம்பிக்கு எழுதினார். மூன்று மாதத்தில் மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய நான்கு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். கூடவே இங்கிலீஷில் ஒரு சிறு புத்தகம். அதில் முதல் இரண்டு பக்கம் படம். அந்த இரண்டு பக்கத்தையும் கவனமாகப் படித்தேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒருவர் சனிக்கிழமை முழுக்க அண்ணனின் ஷெட்டில் வந்து அவற்றை மாட்டிக் கொடுத்தார். "திருக எதுல வைக்கணும்?" என்று மட்டும் என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வாங்காத பத்துக்குப் பத்தை நான்கு சக்கரத்துக்கும் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. "புதுவயல் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்று அண்ணன் சாவியைக் கொடுத்தார். காலைப் பூசை முடிகிற நேரம். நான் புறப்பட்ட இடத்துக்கும் புதுவயல் ரோட்டுக்கும் நடுவில் எங்கள் சர்ச் இல்லை. ஆனாலும் சர்ச் வழியாகத்தான் போனேன்.

காரணம் ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த பெண். அவளை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டில் ஆள் அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அப்பா சவரிமுத்து சார், புதுவயலில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டிருந்தார். அந்த வாரம் அன்றோடு முடிகிறது.

அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நின்றார்கள். வண்டியை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"புதுவயலுக்குத்தான் போறேன் மாமா... சார். ஏறிக்கிறீகளா?"

சார் வண்டியைப் பார்த்தார். இரண்டு இருக்கையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்றில் அவள் ஏறிவிடக் கூடாது என்று அவசரமாகத் தானே ஏறிக்கொண்டார். "நீ பஸ்ஸுல வா" என்றார் அவளிடம்.

ஊரைத் தாண்டும்வரை எந்தக் குறையும் இல்லை. சார் என் சம்பளத்தையும் ஜெபமாலை சொல்லும் பழக்கத்தையும் விசாரித்தார். அரிசி லாரிகள் உழுது போட்டிருந்த ரோடு தொடங்கியதும் பேச்சு மாறியது.

"தம்-பி... வண்-டி... ஏன்... இப்-புடி..."

ஆட்டம் போயிருந்தது, அது உண்மை. அதற்குப் பதிலாக வண்டி குதித்தது. ஒரு சின்னக் கல்லில் ஏறினால்கூட முதுகெலும்பில் சுத்தியலால் ஒரு தட்டு. "புது ஷாக் சார், போகப் போகப் பழகிரும்" என்றேன். பழக வேண்டியது வண்டியா சாரா என்று எனக்கே தெரியாது. வேகமாகப் போனால் குலுக்கல் குறையும் என்று பத்திரிகையில் ஒரு படத்தின் கீழே பார்த்த ஞாபகம். ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

புதுவயல் மில்லுக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டுப் பாலம். அதில் ஏறியபோது நான்கு சக்கரமும் ரோட்டில் இருந்தன. இறங்கியபோது இல்லை. சார் இருக்கையைவிட்டு ஒரு முழம் எழுந்து, "சேசுவே!" என்று வாயை முழுதாகத் திறந்தார். அந்த வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு பறந்தது. வண்டி ரோட்டோரத்தைக் கடந்து, மில் களத்தில் காயப் போட்டிருந்த அவித்த நெல்லுக்குள் புகுந்து, ஒரு குவியலில் மூக்கைச் செருகி நின்றது.

"அடியே, நெல்லுக்குள்ள காரு வந்துருச்சுடி!" களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள்.

சாருக்குக் கீறல்கூட இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "ஃபல்லு" என்று கேட்டது. மறுபடி சொன்னார். மறுபடியும் "ஃபல்லு". அவர் பல்செட் கட்டியவர் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. களத்துக்கும் தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று காலால் நெல்லைத் துழாவினார்கள். நான் முழங்காலில் நின்று துழாவினேன். அப்போது காரைக்குடி பஸ் வந்தது. சிவப்புக் காரைக் கண்டதும் டிரைவர் நிறுத்தினார். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாயும்படி ஜன்னலெல்லாம் தலைகள். ஸ்டெல்லா இறங்கி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன தேடுறீக?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் ஒரு அம்மாள் கையை உயர்த்தினாள். "இந்தா கெடக்கு சாரு பல்லு! நாம கிண்டி முடிக்கிறதுக்குள்ள அது பாட்டுக்கு நெல்லத் தின்னுக்கிட்டிருக்கு!"

மேல் வரிசைப் பல்லுக்கு நடுவே நாலைந்து நெல்மணிகள் மாட்டியிருந்தன. பஸ் மொத்தமும் சிரித்தது. சார் அதை வாங்கித் துண்டில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மில்லுக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை எங்களுக்குக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஸ்டெல்லா காருக்குள் எட்டிப் பார்த்து, தரையில் கிடந்த சிறு புத்தகத்தை எடுத்தாள். நின்றபடியே புரட்டினாள்.

"திருகு எதுல இருக்கு?"

"பத்துல."

"பத்து ரேஸ் மைதானத்துக்குன்னு போட்டிருக்கு. இருக்கிறதுலயே விறைப்பு அதுதான். மோசமான ரோட்டுக்கு ரெண்டோ மூணோ போதுமாம். நீங்க வாசிக்கலையா?"

"வாசிச்சேன்."

"எதுவரைக்கும்?"

"படம் வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இப்பவே மாத்துங்க" என்றாள். வேட்டியை மடித்துக் கட்டி, நெல்லில் மல்லாந்து படுத்து, நான்கு திருகையும் மூன்றுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் மேலே நின்று எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வாசித்தாள். முதலாவதை அப்படியும் தப்பான பக்கம்தான் திருப்பினேன்.

சாரும் ஸ்டெல்லாவும் மில் லாரியில் வீட்டுக்குப் போனார்கள். நான் காரைக்குடிக்குத் திரும்பினேன். வண்டி பூப்போலப் போனது. அதைப் பாராட்டுகிற மனநிலையில் நான் இல்லை. சோமு அண்ணன் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்யா நீ" என்று முதுகில் தட்டினார். கார் முழுக்க நெல் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, ரோட்டோரம் காயப் போட்டிருந்தார்கள் என்றேன். பொய் இல்லை. அவித்த நெல் என்பதால் அது இருக்கைக்கு அடியில் முளைக்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

பதில் வராது என்றே இருந்தேன். பத்து நாள் கழித்து வந்தது, சம்மதம் என்று. பிறகு ஸ்டெல்லாவிடம் கேட்டேன், உன் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று. "'அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு அப்பா சொன்னாரு. 'தெரியாதுதான், ஆனா சொன்னா படுத்துக்கெடந்து திருத்துறாரு'ன்னேன்" என்றாள்.

மாமா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வருஷமல்ல, பதினோரு வருஷம். அவர் அதை மறந்துவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு கிறிஸ்துமஸ் மதியம். குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சோற்றில் எனக்கு ஒரு கல் கடிபட்டது. எல்லாருக்கும் கேட்கிற சத்தம். "எந்த மில்லு அரிசி இது?" என்று முகத்தைச் சுளித்தேன்.

மாமா இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. "புதுவயல்தான். பாத்து மெல்லுங்க மாப்பிள. எம்பல்லா இருக்கும்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை. அவர் இடது கையால் மேல்செட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இடம் மட்டும் இருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டு, "அன்னைக்கே ஒண்ணு கொறஞ்சுச்சு" என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. நிறுத்த வெகுநேரம் ஆனது.

இப்போது மாமா இல்லை. எங்கள் வீட்டில் சோற்றில் கல் கடிபட்டால் இன்றும் யாரும் அரிசியைக் குறை சொல்வதில்லை. பேரப் பிள்ளைகள் அதை எடுத்து என் இலையோரம் வைத்துவிடுகிறார்கள். "தாத்தா, இது புதுவயல் தாத்தா பல்லான்னு பாருங்க."