யாருக்கென்று கேட்காத எண்

மனித குலம் செய்து முடித்த பெருங்காரியங்களில், நெருப்பு மூட்டியதற்கு அடுத்த இடம் அந்தக் கண் மருத்துவமனையின் மாடியில் ஓடிக்கொண்டிருந்த 'தனியெண் வழங்கும் பின்னணிச் சேவை'க்குத்தான். சக்கரம் செய்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். இந்தச் சேவை கொடுத்த எண்ணைப்போல் இன்னொரு எண் இருந்ததே இல்லை.

அப்படி என்ன வேலை என்கிறீர்களா, கண்ணுகளா? கீழே கவுன்ட்டரில் யாராவது வந்து நின்றால், மாடியில் கம்ப்யூட்டருக்குள் தூங்கும் அந்தச் சேவை விழித்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்க்கும். அந்த நொடியை வைத்து முழ நீளத்துக்கு ஓர் எண்ணைக் கட்டி அனுப்பும். மறுபடி படுத்துக்கொள்ளும். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது. அத்தனை நாகரிகம்.

அதைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் 'நம்பர் சார்' என்றார்கள். கடிகாரம் ஒரு நொடி பின்னால் போனாலும் கொடுத்த எண்ணையே திரும்பக் கொடுத்துவிடும் ஆபத்து இருந்ததால், அதை யாரும் தொடாமல் அவர் காவல் காத்தார். பெருக்க வருகிறவரைக்கூட நம்பாமல் அந்த அறையைத் தானே பெருக்கிக்கொண்டார்.

அன்று அவருடைய அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுக்கும் நாள். அதே மருத்துவமனை. அதே கட்டடம்.

"ஒரு எட்டு கூட வந்துட்டுப் போயேன்டா," என்றாள் அம்மா காலையில். "ஒத்தையா உக்கார பயமா இருக்கு."

"மேலதானேம்மா இருக்கேன். சேவையை விட்டுட்டு எப்படி வர்றது?"

"எங்கயாவது ஓடிப் போயிடுமா அது?"

"ஓடிட்டே இருக்கணும்மா. நின்னாத்தான் தப்பு."

அம்மா பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். கடமை வென்றது.

மதியம் நெருங்கும்போது கீழிருந்து அழைப்பு வந்தது. நம்பர் சார் இறங்கிப் போனார். மருந்து விட்ட கண்கள் கூச, மடியில் பையை அணைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சின்னச் சிக்கல் சார்," என்றாள் கவுன்ட்டர்க்காரி. "போன வாரம் வந்து டெஸ்ட்டெல்லாம் எடுத்தது ஒரு அம்மா. இன்னிக்கு ஆபரேஷனுக்கு வந்திருக்கிறது வேற அம்மா. இவங்களுக்கு டெஸ்ட் எடுக்கல. அவங்களுக்கு ஆபரேஷன் இல்ல."

"ரெண்டும் எங்கம்மாதானே?"

"நம்பர் வேற வேற சார். நம்பர் வேறன்னா ஆள் வேறன்னு நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க."

எடுத்திருந்தார். வந்தவரே மறுபடி வந்தாலும் சேவை புது எண்தான் கொடுக்கும். அதனால் 'புது நோயாளிகள்' பெருகிக்கொண்டே போவதைப் போன கூட்டத்தில் அறிவித்து, மேலாளர் அவருக்காக எல்லோரையும் கைதட்டச் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு விட்டா டாக்டர் அடுத்த மாசம்தான் வருவாரு," என்றாள் அவள்.

மேலாளரே வந்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே ஆள்னு மாத்திடலாம். ஆனா இவங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். நம்ம நோயாளிங்கள்ல பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க. உங்க சேவையும் தப்புன்னு ஆயிடும். மாத்தட்டுமா?"

நம்பர் சார் அம்மாவைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேவை மேல தப்பு இல்ல சார்," என்றார்.

"அப்ப, டெஸ்ட் எடுத்த அம்மா தன் ரிப்போர்ட்டை இந்தம்மாவுக்கு விட்டுக்கொடுக்கட்டும். விதியில இடம் இருக்கு," என்றார் மேலாளர்.

"அவங்க எங்க இருக்காங்க?" என்றாள் அம்மா.

"நீங்கதான்மா அவங்க."

"அப்ப நான் யாரு?"

"நீங்க இவங்க." கவுன்ட்டர்க்காரி பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "அதுல உக்காந்து குடுக்கறேன்னு சொல்லுங்க. அப்புறம் இதுல உக்காந்து வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

அம்மா தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். ரிப்போர்ட் கொடுக்கும் அம்மா 'வந்துவிட்டார்' என்று கவுன்ட்டர்க்காரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள்.

"துணைக்கு யாரும்மா?"

"யாருமில்ல. பிள்ளை இருக்கான். மாடியில."

அதையும் தட்டிக்கொண்டாள்.

"குடுக்கறேன்மா, பத்திரமாப் பாத்துக்கோ," என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள் அம்மா. பிறகு அதில் வந்து உட்கார்ந்து, "வாங்கிக்கறேன். நீ நல்லா இருக்கணும்மா," என்றாள்.

மேலாளர் கைதட்டினார். "ரெண்டு பேருக்குள்ளயும் என்ன ஒரு பாசம்."

அறுவை நல்லபடியாக முடிந்தது. நம்பர் சாரின் அக்கா வந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போனாள். மாடி அறையைப் பூட்டிவிட்டு நம்பர் சார் வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா ஒற்றைக் கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

அவருடைய போன் அடித்தது. மருத்துவமனையின் பதிவுக் குரல், வீடே கேட்கும்படி, பிசிறில்லாமல் பேசியது.

"தங்கள் தாயார் காத்திருப்புக் கூடத்தில் இருக்கிறார். அவருக்குத் துணையாக யாரும் வரவில்லை. பிள்ளை இருக்கிறார். மாடியில். உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

நம்பர் சார் அவசரமாக அணைத்தார். "பழைய நம்பரும்மா. நீ அதைக் கண்டுக்காத."

அம்மா கட்டு இல்லாத கண்ணால் அவரையே பார்த்தாள்.

"பாவம்டா அந்தம்மா. எனக்காவது பொண்ணு வந்தா. அவளுக்குப் பிள்ளை மட்டும்தானே இருக்கான்."