தோசைமாவு வெப்பமானி

பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை இழுக்காகக் கருதுகிறவன் என்றாவது ஒரு நாள் குடும்பத்தையே நடுங்க வைப்பான். நான் வைத்தேன்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை உண்டு. இதய சிகிச்சைக்குப் பிறகு தன் தந்தை ஆம்பூரில் தனியே இருக்கக் கூடாதென்று என் மனைவி ஸ்டெல்லா தவித்தாள். அவருக்குக் கொடுக்க வேறு அறை இல்லை. முந்தைய கோடையில் இரண்டே நாள் தங்கியவர், "இது ரூமா, பேக்கரி அடுப்பா மாப்ள?" என்று கேட்டுவிட்டு ரயிலேறியிருந்தார்.

கூரைக்கடியில் எதைப் பதித்தால் வெப்பம் இறங்காது? பீன்யா தொழிற்பேட்டையில் வெப்பத்தடுப்புப் பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் செல்வம் தெர்மோகோல், கண்ணாடிப் பஞ்சு, தென்னைநார்ப் பலகை மூன்றிலும் துண்டுகள் கொண்டுவந்தார்.

"எது நல்லதுன்னு நானே சொல்லிடறேனே சார்."

"ஒப்பிட்டுப் பார்க்காம எப்படிச் செல்வம்?"

"சரி, பஞ்ச மட்டும் வெறுங்கையால தொடாதீங்க."

தொட்டேன்.

ஒரு வெப்பமானி வாங்கியிருக்கலாம். எனக்கோ அதனினும் நுட்பமான கருவி தோன்றியது: தோசைமாவு. சூடு ஏற ஏற மாவு பொங்கும். எது பொங்காதிருக்கிறதோ, அதைக் காத்த பொருளே சிறந்தது. மூன்று அட்டைப்பெட்டிகளுக்குள் மூன்று பொருள்களையும் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் புதுமாவு வைத்து, வெயிலில் காயவிட்டேன். (கிண்ணங்களுக்கு மூடி போடவில்லை. மேதைகளுக்கு மூடி நினைவிருப்பதில்லை.)

மாலையில் தென்னைநார்ப் பெட்டியின் மாவு வழிந்திருந்தது. தெர்மோகோலில் பாதி எழும்பியிருந்தது. கண்ணாடிப் பஞ்சுக்குள் இருந்ததோ அசையவேயில்லை. வெற்றிக் களிப்புடன் மூன்றையும் சமையலறையில் வைத்தேன். அதற்குள் பஞ்சிலிருந்து உதிர்ந்த கண்ணாடித் தூள் பட்டுக் கைகளில் தொடங்கிய அரிப்பு கழுத்துக்கு ஏறியிருந்ததால் குளிக்க ஓடினேன்.

அந்த இடைவெளியில் அறையைப் பார்வையிட மாமனார் வந்து சேர்ந்தார். நல்ல மாவு வீணாகலாமா என்று ஸ்டெல்லா மூன்றையும் ஒன்றாகக் கலந்து தோசை வார்த்துவிட்டாள். ஈரத் தலையுடன் நான் வெளிப்பட்டபோது, மாமனாரின் கையில் முதல் விள்ளல், வாயோ திறந்திருந்தது.

"மாமா, வேணாம்! அதுல கண்ணாடி இருக்கு!"

விள்ளல் தட்டில் விழுந்தது. மாமனார் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் இங்க வர்றது புடிக்கலன்னா வாயால சொல்லலாமே மாப்ள. எதுக்கு இவ்ளோ செலவு?"

ஸ்டெல்லா தட்டைப் பறித்துக் குப்பையில் கவிழ்த்தாள். அடுத்து என்னையும் கவிழ்ப்பாளோ என்று தோன்றியது. "ஒரு வாய்கூட உள்ள போகலம்மா, விடு" என்றார் அவர்.

பிறகு செல்வத்திடமே கேட்டேன். தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும்; தென்னைநார் மழைக்கசிவில் ஊறும்; கண்ணாடிப் பஞ்சு நல்லதுதான், ஆனால் பலகை அடித்து முழுவதும் மூடவேண்டும் என்றார். அவரே ஆளழைத்து வந்து அடித்தும் கொடுத்தார். அறை குளிர்ந்தது, மாமனார் ஆம்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து எங்களுடனேயே தங்கிவிட்டார்.

இன்றும் வீட்டில் தோசை என்றால் முதல் தோசை எனக்குத்தான். நான் விழுங்கி முடிக்கும்வரை அவர் என் முகத்தையே உற்று நோக்கிக்கொண்டிருப்பார். பின்னர் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்:

"மாப்ள நல்லாத்தான் இருக்காரு. எனக்கு ஊத்தும்மா."