தொட்டிக்குப் பின்னால் இருந்த கால்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரப் பத்திரிகையின் தொடர்கதைக்குப் படம் வரைபவள் எழுதுவது. நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் கணினி ஓவியரும் நலம்தானே? அவருக்குக் கழுத்துவலி வராதாம். எனக்கு வந்திருக்கிறது.

நான் அனுப்பிய கடைசி அத்தியாயப் படம் திரும்பி வந்துவிட்டது. "இது உங்க கை இல்ல மேடம், மெஷின்ல போட்டதுன்னு பார்த்தாலே தெரியுது. பூந்தொட்டி எங்க?" என்று உங்கள் வடிவமைப்பாளர் தொலைபேசியில் கேட்டார். ஐயா, எனக்கு முகம் வரும், கை வரும், துணியின் மடிப்பு வரும்; பாதம் மட்டும் வராது. அதனால்தான் கதாநாயகி எங்கே நின்றாலும், நீதிமன்றமானாலும் ஆபரேஷன் தியேட்டரானாலும், காலை மறைத்து ஒரு பூந்தொட்டி. அது அவளுடைய தனிமையின் குறியீடு என்று வாசகர் ஒருவர் எழுதியபோது நானும் வாயை மூடிக்கொண்டேன். என் மாமியார் மட்டும், "ஏம்மா, உன் படத்துல ஒருத்தருக்கும் கால் இல்லையே, எல்லாம் பேயா?" என்பார்.

நான் காய்ச்சலில் கிடந்த வாரம், என் பழைய படங்களை இயந்திரத்துக்குக் காட்டி, என்னைப் போலவே ஒன்று வரையவைத்தீர்கள். பார்த்தேன். லிஃப்டுக்குள் கதாநாயகி. பாதங்கள் அத்தனை அழகு. பக்கத்திலேயே, எதையும் மறைக்காமல், ஒரு பூந்தொட்டி! என் பயத்தை அது என் பாணி என்று படித்திருக்கிறது. வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று புரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். இனிமேல் தொட்டியும் என்னுடையது இல்லை, காலும் வராது என்றால் நான் எதற்கு? அப்படி நடக்கும்போதுதான் குனிந்து என் பாதங்களைச் சரியாகப் பார்த்தேன். உடனே கணவரைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைமேல் வெறுங்காலோடு ஏற்றினேன். "கல்யாணமானதுலேர்ந்து என் மூஞ்சியைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லையே" என்றார். "நிக்கட்டும்மா, இன்னைக்காவது சொந்தக் கால்ல நிக்கட்டும்" என்றார் மாமியார். எத்தனையோ தாள்களைக் கசக்கி எறிந்த பிறகு பாதம் வந்தது. முதல்முறையாகத் தொட்டியில்லாமல் வரைந்தேன். அதைத்தான் மெஷின் என்கிறீர்கள்.

கடைசி அத்தியாயத்தில் அவள் வீட்டை விட்டு இறங்கிப் போகிறாள். போகிறவளுக்குக் கால் வேண்டாமா? தொட்டியைத் தூக்கிக்கொண்டா போவாள்? அதே படத்தை மறுபடியும் அனுப்புகிறேன். ஒரு கோடுகூட மாற்ற மாட்டேன். இதைப் போடுங்கள், இல்லையென்றால் என் வேலையை இயந்திரத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பத்திரிகை கடைதோறும் தொங்கட்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஓவியர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாமியார் படத்தை வாங்கிப் பார்த்தார். "பாதம் உயிரோட இருக்கும்மா. ஆனா ரெண்டும் இடது காலா இருக்கே?" என்றார். ஆமாம். வலது கால் மரத்துப்போனதென்று கணவர் அதை மடக்கிக்கொண்டார். மிச்சமிருந்த இடது காலையே நான் இரண்டு தடவை வரைந்திருக்கிறேன். மறுபடி மேசையில் ஏற மாட்டேன் என்கிறார். ஆகவே வலது பக்கம் மட்டும் ஒரு சின்னப் பூந்தொட்டி வைத்திருக்கிறேன். இடது காலைத் தயவுசெய்து மறைத்துவிடாதீர்கள்.