டோயினாவின் கிளை

சனிக்கிழமை காலை. பத்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ஓவிதியு ஒரு டைனோசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அருங்காட்சியகக் கூடத்தின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தான். டைனோசர் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆட்டு உயரம்தான். எங்கள் ஹட்செக் பள்ளத்தாக்கில் கிடைப்பவை எல்லாமே கொஞ்சம் குள்ளம். பாதி வழியில் அதன் வால் கழன்று தரையில் விழுந்தது.

"உள்ள என்னப்பா சத்தம்?" என்று டிக்கெட் சன்னலிலிருந்து சபீனா குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. நாற்காலி விழுந்திடுச்சு."

"அது என்ன, சனிக்கிழமையானா உனக்கு ஒரு நாற்காலி விழுது?"

சபீனாவுக்கு முட்டி வலி. காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். ஆனால் அவள் வாய்க்கு முட்டி வலி கிடையாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஓவிதியு எல்லோரிடமும் மறைத்த விஷயத்தை அவளிடம் இரண்டு மடங்கு மறைத்தான்.

எங்கள் அருங்காட்சியகத்தில் யாரும் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்க முடியாது. சுவர் முழுக்க டைனோசர்களின் வம்ச மரம் ஒன்று வரைந்திருக்கிறது. அடிமரம் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கக் கிளைகளில் பல்லி மாதிரி இடுப்பெலும்பு உள்ளவை: நீளக் கழுத்துக்காரர்களும் மாமிசம் தின்கிறவர்களும். வலப்பக்கக் கிளைகளில் பறவை மாதிரி இடுப்பு உள்ளவை: கவசம் போட்டவை, கொம்பு முளைத்தவை, வாத்து மாதிரி அலகு நீண்டவை. இதில் வேடிக்கை என்னவென்றால், பறவைகள் வந்தது பல்லி இடுப்புப் பக்கத்திலிருந்து. வலப்பக்கத்தில் ஒரு கோழிக்குக்கூடச் சொந்தம் கிடையாது. "ஜாடையைப் பாத்து ஏமாறக் கூடாது, யாருக்கு யார் பிறந்தாங்கன்னுதான் பாக்கணும்," என்பார் இயக்குநர் வெதூரியா அம்மாள். அவர் கூடத்தில் ஒவ்வொரு எலும்புக்கூடும் தன் கிளைக்கு நேர் கீழே நின்றது.

வலப்பக்கக் கோடியில், தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கிளை மட்டும் தனியாக நீண்டிருந்தது. எந்தக் குடும்பத்தோடும் பொருந்தாததால் அதற்கென்றே வரைந்த கிளை. அதன் கீழே நின்றதுதான் ஓவிதியு இப்போது தூக்கிக்கொண்டு ஓடிய டோயினாசாரஸ்.

அதை ஆற்றங்கரை மண்ணில் கண்டெடுத்தவர் சிமியோன். மரம் அறுக்கும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். க்ளூஜ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், "என்ன பேர் வைக்கலாம், நீங்களே சொல்லுங்க," என்றபோது ஒரே மகள் டோயினாவின் பெயரைச் சொன்னார். டோயினா வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போனவள். தொற்றுநோய் வந்த அந்த வசந்த காலத்தில் அங்கேயே இறந்துபோனாள். எல்லைகள் மூடியிருந்தன. முகம் தெரியாத யாரோ புதைத்தார்கள். பிறகு சிமியோன் எழுதாத அலுவலகம் இல்லை. அங்கே குழியைத் திறக்க விடவில்லை. ஊர்க் கல்லறையில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் விட்டு வைத்த இடத்தில் புல் முளைத்துக் கிடந்தது.

எனவே சிமியோன் சனிக்கிழமை பத்து மணிப் பேருந்தில் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நிற்பார். பெயர்ப் பலகையை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு போய்விடுவார்.

மார்ச் மாதம் க்ளூஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெதூரியா அம்மாள் அதைப் படித்துவிட்டு ஓவிதியுவைக் கூப்பிட்டார். எலும்புக்கூடுகளை நிறுத்துவது, பலகை எழுதுவது, குழாய் சரிபார்ப்பது எல்லாம் அங்கே அவன் ஒருவன்தான்.

"டோயினாசாரஸ்னு ஒண்ணு கிடையாதாம்ப்பா. எலும்பை மெல்லிசா அறுத்துப் பாத்திருக்காங்க. வளர்ந்து முடியாத குட்டி அது. நம்ம தடிச்சியோட இனம்."

தடிச்சி என்பது கூடத்தின் நடுவில், வாத்து அலகுக் கிளையின் கீழ் நிற்கும் மாட்டுப் பருமன் எலும்புக்கூடு. முறையான பெயர் வேறு. அதைச் சொன்னால் நாக்கு சுளுக்கும் என்று ஊழியர்கள் வைத்த பெயர் இது.

"இத்தனை நாள் தெரியாமலா இருந்தாங்க?"

"குட்டிங்க எல்லாமே பழைய காலத்து மிருகம் மாதிரிதான் இருக்கும். வளர வளரத்தான் குடும்ப ஜாடை தெரியும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு எலும்பு இல்லாம இருந்தது. யாரோ உள்ளூர் அன்பர் ஒருத்தர் தாடையெலும்பு ஒண்ணு கொண்டுபோய்க் கொடுத்திருக்கார். எல்லாம் பொருந்திடுச்சு. ரெண்டுல முதல்ல வச்ச தடிச்சியோட பேர்தான் நிலைக்கும். நீ இதைத் தடிச்சி பக்கத்துல நிறுத்திடு. பலகையை எடுத்திடு. அந்தக் கிளைமேல வெள்ளை அடிச்சிடு."

அந்த உள்ளூர் அன்பரை ஓவிதியு மனதுக்குள் நன்றாக வைதான். எலும்பு கிடைத்தால் சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. ஒரு கிழவருக்கு மிச்சமிருந்தது ஒரு பெயர். அதையும் அழிக்க வேண்டுமா?

சொன்னபடி எல்லாம் செய்தான். ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமைகளில் இயக்குநர் தன் தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் டோயினா தன் பழைய இடத்தில் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அடித்த வெள்ளை காய்ந்துவிட்டதால், கிளையை ஒட்டுப் பலகையில் வரைந்து, வெட்டி, ஆணியில் மாட்டினான். எலும்புக்கூட்டைத் தூக்கி வந்தான். பழைய பெயர்ப் பலகையை வைத்தான்.

சரியாகப் பத்து மணிக்கு சிமியோன் வந்தார்.

"சௌக்கியமா மாமா?"

"இருக்கேன்ப்பா. இவ இங்கயேதான் நிக்கறாளா?"

"இங்கயேதான் மாமா. எங்க போகப் போறா?"

சிமியோன் தலையை ஆட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு, அவர் போனதும் ஓவிதியு டோயினாவைத் தூக்கித் தடிச்சியின் பக்கத்தில் வைத்தான்.

நான்கு வாரம் நன்றாகப் போயிற்று. ஐந்தாவது வாரம் ஒரு பள்ளி ஆசிரியை இரண்டு ஓவியங்களோடு வெதூரியா அம்மாளிடம் வந்தாள். இரண்டும் அந்தச் சுவர் மரம்தான்.

"இது புதன்கிழமை வந்த வகுப்பு வரைஞ்சது. இது சனிக்கிழமை வந்த வகுப்பு. சனிக்கிழமை மரத்துல ஒரு கிளை கூடுதலா இருக்குங்க."

"பிள்ளைங்க கற்பனையா வரைஞ்சிருப்பாங்க," என்றான் ஓவிதியு.

"முப்பது பிள்ளைங்களும் ஒரே கற்பனையா?"

வெதூரியா அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். குட்டியை யாரோ நகர்த்துகிறார்கள், அதனால் பீடத்தோடு இரும்பு போல்ட் போட்டு முறுக்கிவிடு என்று உத்தரவு போட்டார். யார் என்று கேட்கவில்லை. ஓவிதியு முறுக்கினான். ஆனால் கையால் திருகினாலே கழலும் போல்ட்டாகப் பார்த்து முறுக்கினான். அதனால் கோடை முடிவதற்குள் எலும்புக்கூடு ஆட ஆரம்பித்தது. ஆடியதில் வால் தளர்ந்தது. வாலுக்குக் கம்பி கட்டியதில் இடுப்பு கோணிக்கொண்டது. பறவை இடுப்பா பல்லி இடுப்பா என்று பார்க்கிறவன் குழம்பும் அளவுக்குக் கோணிக்கொண்டது.

அந்த நிலையில்தான், நான் முதலில் சொன்ன சனிக்கிழமை, வால் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த ஓவிதியு நிமிர்ந்தபோது எதிரில் சிமியோன் நின்றார். கையில் ஒரு பை பிளம்ஸ் பழம். ஆள் மிகவும் இளைத்திருந்தார்.

"மாமா... இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டீங்க."

"பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில வந்தேன். இவளை எங்க தூக்கிட்டுப் போற?"

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது போலத் தெரிந்தது. ஓவிதியு அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டான்.

"சும்மா தூசி தட்டத்தான் மாமா. இதோ, அவ இடத்துலயே வச்சிடறேன்."

வாலைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். சிமியோன் கூடவே வந்தார். பிறகு பழப் பையை நீட்டினார்.

"உனக்குத்தான்ப்பா கொண்டாந்தேன். உன்னால ஆகவேண்டிய காரியம் ஒண்ணு இருக்கு. கேக்கலாமா வேணாமான்னு..."

"நீங்க கேக்கவே வேணாம் மாமா. எனக்குத் தெரியாதா?" ஓவிதியு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் இங்க இருக்கற வரைக்கும் இவளை இந்த இடத்தை விட்டு ஒருத்தனும் அசைக்க முடியாது. நான் வாக்குக் கொடுக்கறேன்."

சிமியோன் அவனை வெகுநேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

"நீ நல்லா இருப்பா," என்றார். அன்று அவர் பெயர்ப் பலகையைத் தடவவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வெளியே போனார். டிக்கெட் சன்னலருகே சற்று நின்று சபீனாவிடம் ஏதோ பேசுவது கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. வந்தவர் வெதூரியா அம்மாள். தேனீ கொட்டி ஒரு கண் வீங்கியிருந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணால், ஆணியில் தொங்கும் ஒட்டுப் பலகைக் கிளையையும், அதன் கீழே இடுப்பு கோணி நின்ற டோயினாவையும், கையில் வாலோடு நின்ற ஓவிதியுவையும் பார்த்தார்.

"அது என்னப்பா, கிளையா?"

"ஆமாங்கம்மா."

"யாருக்காக?"

ஓவிதியு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்துபோயிற்று. அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நின்ற நீர் தேனீ கொட்டியதால் வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அடுத்த வாரம் அவர்கிட்ட நானே சொல்றேன். நீ முதல்ல இதைக் கொண்டுபோய் ஒழுங்கா வெல்டிங் பண்ணு."

ஆனால் அவர் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. செவ்வாய்க்கிழமை சிமியோன் இறந்துவிட்ட செய்தி வந்தது. வயிற்றில் கட்டி இருந்திருக்கிறது. வசந்த காலத்திலேயே அவருக்குத் தெரியுமாம். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சவ அடக்கம். ஓவிதியு போகவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து, டோயினாவின் இடுப்பை நேராக்கி, வாலைப் பொருத்தி, நான்கு காலின் உள்கம்பியையும் தடிச்சியின் பக்கத்தில் இரும்போடு இரும்பாக ஒட்டவைத்தான். ஒட்டுப் பலகைக் கிளையைக் கழற்றினான். பழைய பெயர்ப் பலகையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு துணியில் சுற்றி வைத்தான்.

சாயங்காலம் சபீனா கல்லறையிலிருந்து நேரே வந்தாள். இழவு வீட்டில் தரும் கோதுமை இனிப்பை ஒரு காகிதக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். வலிக்கும் முட்டியோடு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கூடத்துக்குள்ளே நடந்து வந்தாள். தடிச்சியையும் அதன் விலாவோடு ஒட்டி நின்ற குட்டியையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதை இன்னிக்குத்தான் நிறுத்தினியா?"

"மார்ச்சுலயே வந்த உத்தரவுக்கா. சனிக்கிழமை மட்டும் அவருக்காகத் தனியா எடுத்து வச்சிட்டிருந்தேன். உங்ககிட்டகூடச் சொல்லல." ஓவிதியு இனிப்பைக் கையில் வாங்கினான், சாப்பிட முடியவில்லை. "ஒரே ஒரு ஆறுதல்தான். கடைசி வரைக்கும் அவருக்கு இந்த விஷயம் தெரியாமலே போச்சு."

சபீனா முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தாடையெலும்பைக் க்ளூஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்தான்ப்பா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தார்," என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் போகும்போது என்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பார்: 'பிள்ளையை அவ அம்மா பக்கத்துல எப்பம்மா நிறுத்துவாங்க?'"