அமாவாசைக்கு ஒரு கட்டு அகத்தி

அன்புள்ள மச்சான் அருள்முருகனுக்கு,

சிற்றம்பலம் எழுதுவது. நானும் உங்கள் அக்கா திலகவதியும் சுகம். மாடும் இப்போது சுகம். அந்தக் கதைக்குத்தான் இந்தக் கடிதம். செம்மண்டலத்தில் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கச் சிதம்பரம் நடராஜரை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கொடுத்த யோசனையை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை.

"மாமா, தீவனப்புல்லுக்கு நடுவுல வரிசையா அகத்தி போடுங்க, காத்துல இருக்கற சத்த இழுத்து வேர்ல வச்சிக்கும், மண்ணும் தேறும், புல்லும் ஜாஸ்தியா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் ரிட்டயராகிச் சும்மா இருந்த கையோடு புவனகிரி ரோட்டு அரைக்காணியில் நட்டேன். அகத்தி ஆள் உயரம் வந்தது, கூடவே அமாவாசையும் வந்தது. அன்றைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் முன்னோருக்குப் போய்ச் சேரும் என்பது தெரியும். ரோட்டோரம் நட்டால் ஊரே வந்து சேரும் என்று ஏன் சொல்லவில்லை? ஸ்கூட்டரில் வருகிறார்கள், காரில் வருகிறார்கள், கிளையோடு ஒடிக்கிறார்கள். (இதை எழுதும்போதே ஹாரன் சத்தம், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பால்வண்டி.) கேட்டால், "புண்ணியத்த தடுக்கிற பாவம் ஒங்களுக்கு எதுக்கு சார்?" என்கிறார்கள். ஒரு அம்மாள் பெரிய மனசு பண்ணி, "ஒங்க பேர்லயும் ஒரு கட்டு குடுத்துடறேன்" என்றார், என் அகத்தியை வைத்தே!

பறித்ததைக் கொடுக்க மாடு வேண்டாமா? சுற்றிப் பார்த்தால் வரப்பில் கட்டியிருப்பது நம் மாடு. ஆளுக்கொரு கட்டு. அதற்கும் வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. போன அமாவாசை சாயங்காலத்துக்குள் வயிறு மத்தளமாக உப்பி, டாக்டரைக் கூட்டிவந்து எண்ணெய் புகட்டி, வாயு இறங்கட்டும் என்று நானும் அக்காவும் மாட்டை நடத்திக்கொண்டே புவனகிரிக்குப் பாதி தூரம் போய்விட்டோம். திரும்பும்போது அக்கா தீர்மானமாகச் சொன்னாள்: "ஒங்க மண்ணு தேறட்டும், எம் மாடு போனா யாரு தருவா? அடுத்த அமாவாசைக்குள்ள அத புடுங்குங்க, இல்லன்னா மாட்ட வித்துடுவேன்." விற்றுவிட்டால் அவ்வளவு புல்லையும் நானா தின்பது? உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் காதில் ஹாரன். நாளை அமாவாசை. ஆகவே இன்றே அத்தனையையும் பிடுங்கப் போகிறேன். இனி இந்த விஷயமாக உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிம்மதி தேடும் மாமா,
சிற்றம்பலம்

பி.கு.: மண்வெட்டியோடு போனேன். முதல் செடியைத் தோண்டினால் வேரெல்லாம் நீங்கள் சொன்ன சத்து சின்னச் சின்ன முடிச்சாக நிற்கிறது, மண் பொலபொலவென்று கறுத்துக் கிடக்கிறது, மண்புழு நெளிகிறது. இத்தனை நாள் ஆட்களைப் பார்த்தேனே தவிர புல்லைப் பார்க்கவில்லை. அகத்திக்கு நடுவே தலைக்கு மேல் நிற்கிறது. அகத்தி இல்லாத மூலையில் இடுப்பளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவும் வந்து பார்த்தாள். "அகத்தி இருக்கட்டும். அமாவாசையன்னிக்கு மாடு இங்க இருக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். உங்கள் வீட்டில் கார் ஷெட் இருப்பது அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கடிதத்தைக் கொடுக்கிற டிரைவர் கதிர்வேலின் வண்டியில்தான் மாடு நிற்கிறது. காரைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுங்கள். வாசல் கேட்டை மறக்காமல் பூட்டி வையுங்கள் மச்சான், நாளை உங்கள் தெருவிலும் அமாவாசைதான்.