குவைத் சிறுத்தை சிம்லா போன கதை

குளிர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் குளிர் தேசத்துக்குப் பெட்டி அடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வர வேண்டும். வந்தால் முதல் ஆளாக என்னைத்தான் உள்ளே தள்ள வேண்டும். (சாட்சி சொல்ல எங்கள் அம்மா வெயிலென்றும் பாராமல் நடந்தே வருவார்.)

எங்கள் ஆரையம்பதியில் குளிர் என்பது, மார்கழி விடியலில் எழும்பி ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்கே "என்ன குளிர், என்ன குளிர்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் புலம்புவோம். இந்த லட்சணத்தில் நான் புவியியல் டீச்சர். உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் இமயமலை வரைந்து, உச்சியில் சோக்குக்கட்டியைத் தேய்த்துப் பனி காட்டுகிறவள். அந்தப் பனி என் விரலில் ஒட்டும்; சேலையில் துடைப்பேன்; இமயமலை பற்றிய என் நேரடி அனுபவம் அவ்வளவுதான்.

அம்மாவின் கதை வேறு. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா இல்லாமல் போனார். அம்மா என்னையும் தம்பியையும் சித்தியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். பதினொரு வருடம். அந்த வீட்டார் ஒவ்வொரு கோடைக்கும் ஏதாவது மலைநாட்டுக்குப் போவார்களாம். எட்டுப் பெட்டிகள். எட்டையும் அடுக்குவது அம்மா. எந்தக் கம்பளிச் சட்டையை எப்படி மடித்தால் எத்தனை கொள்ளும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பெட்டிகள் போகும், அம்மா பூட்டிய வீட்டில் இருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

ஆகவே, ஹரித்துவாருக்கு யாத்திரை போகும் ஒரு குழு அப்படியே முசூரி, சிம்லா என்று மலை நகரங்களையும் பார்த்து வரப் போகிறது என்று கேள்விப்பட்டதும், நான் இரண்டு பெயர்களைக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் ஒரு பிரகடனம் செய்தேன்.

"அம்மா, இந்த முறை நீங்க பெட்டியில கை வைக்கக் கூடாது. நான்தான் அடுக்குவன். நீங்க சும்மா இரிங்க, பனிமலைய நான் காட்டுறன்."

"உனக்குக் குளிருக்கு அடுக்கத் தெரியுமா புள்ள?"

"நான் புவியியல் டீச்சர் அம்மா!"

அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் என் ஆசை பொய்யில்லை. ஆயுளில் ஒரு தடவையாவது அம்மாவுக்காக வேறொருவர் பெட்டி அடுக்க வேண்டும், அது நானாக இருக்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

யாத்திரைக் குழுவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. "பின் இலையுதிர் காலம். குளிர் கடுமையாக இருக்கும்" என்று தலைப்பு. எங்கள் முற்றத்து மாமரம் இலை உதிர்ப்பதற்குக் காலம் நேரம் பார்ப்பதில்லை. நவம்பர் என்றால் எங்களுக்கு வெள்ளம் மட்டும்தான். கீழே கம்பளி உடுப்பு, கையுறை, தடித்த காலுறை, தொப்பி என்று இருந்தது. பக்கத்து ஊரான காத்தான்குடிக்குப் போனேன். அங்கே கிடைக்காத துணி உலகத்திலேயே இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஆறு கடை ஏறி இறங்கினேன். ஆறாவது கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, கம்பளிய இஞ்ச வாங்கி வெச்சா நாங்கதான் போர்த்திட்டுப் படுக்கணும்."

கடைசியில் பிறந்த குழந்தைகளுக்குப் போடும் கம்பளித் தொப்பியில் ஆகப் பெரியதாக இரண்டு வாங்கினேன். (உச்சந்தலையில் நின்றது. காது குளிர்ந்தால் தொப்பி பொறுப்பில்லை.)

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே என் கண் போனது.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போய் வந்தவர் உள்ள எந்த வீட்டிலும் அது இருக்கும்: ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் அடைத்த, ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பிளாங்கெட். எங்களுடையதில் வாயைப் பிளந்தபடி ஒரு சிறுத்தை. அம்மா கடைசியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது. இந்த வெக்கையில் அதை யார் போர்ப்பது? வருடத்தில் ஒருநாள், மழை விட்டதும் கொடியில் போட்டு வெயில் காட்டி, பூச்சி உருண்டை போட்டு, மறுபடி பையில் அடைத்து மேலே ஏற்றிவிடுவார். ஒருநாளும் ஒருவரும் போர்த்தியதில்லை.

அதைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். பக்கத்து வீட்டு நெல் வியாபாரியின் தராசில் வைத்துப் பார்த்தால், விமானத்தில் ஓராளுக்கு அனுமதித்த எடையில் மூன்றில் ஒரு பங்கை அது தனியாகவே தின்றது. சாதாரண மனிதர் என்றால் அங்கேயே விட்டிருப்பார். நான் யோசித்தேன். பெட்டியைத்தான் நிறுப்பார்கள், போட்டிருக்கும் உடுப்பை நிறுக்க மாட்டார்களே! அப்படியென்றால் பிளாங்கெட்டை உடுப்பாக்கிவிட்டால்?

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சிறுத்தையை ஆட்டோவில் ஏற்றினேன். காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான தையல்காரர் ஜப்பார் நானா. (நானா என்றால் அங்கே அண்ணன்.) அதை மேசையில் விரித்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல கோட்டா? தங்கச்சி, நான் ஆயுசுல கோட்டு வெட்டினதில்ல. எனக்குத் தெரிஞ்சது அபாயாவும் ஸ்கூல் சட்டையும்தான்."

"அபாயா மாதிரியே வெட்டுங்க நானா. நீளமா இருந்தா காலுக்கும் குளிராது."

"உம்மாட்டக் கேட்டிங்களா?"

"அம்மாக்குத் தெரியாது. தெரிஞ்சா சந்தோசப்படுவா."

நானா கொஞ்ச நேரம் சிறுத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டில் எதைக் கண்டு பயந்தாரோ தெரியாது, வெட்டிவிட்டார். நான்கு ஊசி முறிந்ததாம். கணுக்கால் வரை தொங்கும், புள்ளி போட்ட, உரோமம் சிலிர்த்த இரண்டு அங்கிகள் கிடைத்தன. அம்மாவுடையதின் முதுகில் சிறுத்தையின் முகம் முழுசாக இருந்தது. (மரியாதை தெரிந்தவள் நான். முகத்தை அம்மாவுக்கு ஒதுக்கி, பின்பக்கத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன்.)

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டையும் கட்டிலில் விரித்துவிட்டு அம்மாவின் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்தேன். கையை எடுத்தேன்.

அம்மா கட்டிலைப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே பார்த்தார். திரும்பக் கட்டிலைப் பார்த்தார்.

"வெட்டிட்டியா?"

"குளிருக்குத்தானே அம்மா…"

அம்மா கட்டில் ஓரத்தில் இருந்து ஒரு கையால் உரோமத்தைத் தடவினார். "வீட்டுக்கு ஓடு போட்டன், தம்பிக்குச் சைக்கிள் எடுத்தன், உன்னைப் படிப்பிச்சன். பதினொரு வருசத்துல எனக்கெண்டு வாங்கினது இது ஒண்டுதான் புள்ள."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. நான் அந்த இடத்திலேயே கரைந்து காணாமல் போய்விடலாம் என்று பார்த்தேன்; அந்த வயதில், அந்த உடம்பில், அது நடக்கிற காரியமில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் வலித்தது. அம்மா எழும்பி, நான் ஒரு வாரமாக அடுக்கிய பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்: மூன்று தேங்காய், கருவாட்டுப் பொட்டலம், இரண்டு குடை, கொசு விரட்ட ஒரு பெட்டி நுளம்புச் சுருள்.

"இமயமலையில நுளம்பா?"

அம்மா தம்பியின் பழைய டீசேட்டுகளை எடுத்து, மெல்லிய உடுப்பு, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று மடித்து வைத்தபடி, "மெல்லிசா நாலு போட்டாத்தான் சூடு நிக்கும். மொத்தமா ஒண்டு போட்டு வேலையில்ல" என்று பெட்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இருபது நிமிடத்தில் பெட்டி மூடியது. யார் அடுக்கக் கூடாது என்று நான் சபதம் எடுத்தேனோ, அவரே அடுக்கி முடித்துவிட்டார்.

அங்கியை நீட்டினேன். "அதை நீயே போடு" என்றார்.

போட்டேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, பெட்டியில் இடமுமில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில், அந்தப் புழுக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிறுத்தை அங்கிகளுடன் நின்ற ஒரே பிரஜை நான்தான். பரிசோதனை செய்த பெண் அதிகாரி மேலங்கியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளே இன்னொன்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தோழியையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மா, என்னை முன்பின் தெரியாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் வந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பவளம் அக்கா மட்டும் உரத்த குரலில், "டீச்சர், வேட்டைக்கா போறீங்க?" என்றார். அன்றிலிருந்து வழி முழுக்க அவருக்கு அதுவே பொழுதுபோக்கு.

ஹரித்துவாரில் வெயில். முசூரியில் அதைவிட நல்ல வெயில். நான் இரண்டு சிறுத்தைகளையும் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன். அம்மா என்னோடு பேசினார்தான். "சாப்பிடு", "வா", "செருப்பைப் போடு" என்று அளந்து பேசினார். பனிமலை தூரத்தில்கூடத் தெரியவில்லை, அந்தப் பக்கம் மட்டும் முகில் மூடியிருந்தது. அம்மாவை இவ்வளவு தூரம் இழுத்து வந்து, அவருடைய ஒரே சொத்தையும் வெட்டி, காட்டுவதாகச் சொன்னதையும் காட்டாமல் திருப்பிக் கொண்டுபோகப் போகிறேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

கடைசி நாள், சிம்லாவுக்கு மேலே, குதிரையில் ஏறிப் போய்ப் பனிமலை பார்க்கும் ஓர் இடத்துக்குக் காலையில் கூட்டிப் போனார்கள். வாகனத்தில் இருந்து இறங்கியதும் காற்று வந்தது பாருங்கள்! கரும்பலகையில் நான் ஒருநாளும் வரையாத காற்று. காது வழியாகப் புகுந்து பல்லில் முட்டியது. அம்மா நான்கு சட்டை போட்டும் நடுங்கினார். உதடு நீலம் பாரித்தது. நான் சிறுத்தை முகம் போட்ட அங்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன், நீட்டப் பயமாக இருந்தது.

"தா அதை" என்றார் அம்மா.

போட்டுக்கொண்டார். கணுக்கால் வரை மூடியது. ஒரு நிமிடம் கழித்து, "சூடாத்தான் இரிக்கு" என்றார். அதை நான் பட்டமளிப்பு விழாவில் சான்றிதழ் வாங்கியதைப்போல வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பவளம் அக்கா ஒரு குதிரையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அம்மா மலையைப் பார்க்கத் திரும்பினார். அம்மாவின் முதுகு குதிரையின் பக்கம் வந்தது. பிளந்த வாயைக் குதிரை பார்த்தது. ஒரு கனைப்பு. அவ்வளவுதான், வந்த வழியே திரும்பி, பவளம் அக்காவையும் கைப்பையையும் சுமந்துகொண்டு, லாயத்தை நோக்கி நடந்தது. ஓடவில்லை; வேலையை விட்டு விலகியவர்போல விறுவிறுவென்று நடந்தது. "நிப்பாட்டுங்கோ! ஆராச்சும் நிப்பாட்டுங்கோ!" என்ற குரல் பள்ளத்தில் தேய்ந்தது. (ஒரு கீறலும் இல்லை. லாயத்தில் இறக்கித் தேநீரும் கொடுத்திருக்கிறார்கள்.)

குதிரைக்காரர் எங்களிடம் வந்து கோபமாக ஹிந்தியில் பொரிந்தார். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா ஹிந்தியில் ஆரம்பித்தார். தடங்கலில்லாத ஹிந்தி, நடுநடுவே அரபு. குதிரைக்காரர் முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார், கடைசியில் அம்மாவின் முதுகை மற்றவர்களுக்கும் காட்டிச் சிரித்தார்.

"அம்மா! உங்களுக்கு ஹிந்தி தெரியுமா?"

"அந்த வீட்டு டிரைவர் இந்த மலைப்பக்கத்து ஆள்தான். பதினொரு வருசம் அவனோட சண்டை பிடிச்சிரிக்கன். நீ எப்ப கேட்டாய்?"

நான் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அம்மாவுக்குப் பவளம் அக்காவின் நினைவு வந்திருக்க வேண்டும். முதலில் தோள் குலுங்கியது, முதுகில் சிறுத்தையும் சேர்ந்து குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். நாங்கள் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது முகில் விலகியிருந்தது. வானத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வெள்ளை மலைகள்.

"எட்டுப் பெட்டியும் இதுக்குத்தானா போனது…" என்றார் அம்மா. பிறகு என் கையைத் தன் அங்கிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் ஜப்பார் நானா இரண்டு அங்கிகளையும் பிரித்து, திரும்ப ஒரு பிளாங்கெட்டாகத் தைத்துக் கொடுத்தார். தையலில் இழுபட்டு முகம் நேராக நிற்கவில்லை. சிறுத்தைக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. "முந்தி உறுமிச்சு, இப்ப சிரிக்கிது தங்கச்சி" என்றார். அது அதன்பிறகு அலுமாரிக்கு மேலே ஏறவேயில்லை. "வெட்டினதுதானே, இனி என்னத்துக்குப் பொத்தி வெக்க?" என்று சொல்லி, அம்மா ஃபேனை ஐந்தில் விட்டு அதைப் போர்த்துக்கொண்டுதான் படுக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் யாராவது கிட்டத்தில் இருக்கும் கல்முனைக்குப் பஸ் ஏறினாலும், "சிறுத்தையை எடுத்தாச்சா?" என்று கேட்காமல் அனுப்புவதில்லை. போன கிழமை அதே குழு டார்ஜிலிங் போகிறது என்று செய்தி வந்தது. பெயர் கொடுத்தது அம்மா. எனக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்க, நேற்று வீட்டுக்குப் போனால் பெட்டி கட்டிலில் திறந்து கிடக்கிறது. உதவலாம் என்று கிட்டப் போனேன்.

அம்மா தலை நிமிராமல், "நீ சும்மா இரி" என்றார். "இது என்ட பெட்டி."