மந்திரியின் முதுகு

"ரெண்டு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா லாரி வரும்," என்றார் முதலாளி.

லாரி எங்கே போகும் என்று அந்த லாயத்தில் யாரும் கேட்பதில்லை. ஏறிப்போன குதிரை எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

சவாரி கற்றுத்தரும் மாஸ்டர் மந்திரியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் நிதானமாகத் தலையை ஆட்டிவிட்டு எதையும் செய்யாமல் நிற்கும் என்பதால் அந்தக் குதிரைக்கு அப்படிப் பெயர். மழைக்காலத்திலிருந்து அதற்கு முதுகு வலி. சேணத்தை எடுத்தாலே காதை மடக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கியது.

மாஸ்டருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பதினொரு வருடமாக மந்திரியிடம் பேசியதில் கால்வாசிகூட அவர் மனைவியிடம் பேசியதில்லை. இதை மனைவியே பல தடவை சொல்லியிருக்கிறாள். மந்திரி போய்விட்டால் காலையில் எழுந்து யார் முகத்தில் விழிப்பது?

"காரணத்தைக் கண்டுபிடிப்போம் முதலாளி. காரணம் எதுவா இருந்தாலும் அது இந்த லாயத்தை விட்டுப் போகணும். குதிரை இருக்கணும்," என்றார்.

"சரி. கண்டுபிடி," என்றார் முதலாளி.

ஆஸ்டியோபதி டாக்டரம்மா வந்தார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. கையாலேயே மூட்டையும் தசையையும் தடவி, அழுத்தி, இளக்கி விடுகிற வைத்தியம். இடது பக்கத்து முதுகில் ஓரிடத்தில் விரல் வைத்ததும் மந்திரி முனகியது. முக்கால் மணி நேரம் அந்த இடத்தோடு மல்லுக்கட்டினார். மந்திரி உதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடியது.

"மூணு வாரத்துக்கு யாரும் ஏறக் கூடாது. தரையில கட்டைகளைப் போட்டு, கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்டி நடக்க விடுங்க. தினம் பத்தடி பின்பக்கமா நடக்க வைங்க. கேரட்டைக் காட்டி ரெண்டு பக்கமும் கழுத்தைத் திருப்ப வைங்க."

மாஸ்டர் ஒன்றையும் விடவில்லை. மூன்று வாரத்தில் மந்திரி இளவட்டம் மாதிரி ஓடியது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேணத்தைப் பூட்டி ஏறினார்.

நான்காம் நாள் மந்திரி மறுபடி காதை மடக்கியது.

"ஏறினா வலிக்குது. அப்ப சேணம்தான்," என்றார் மாஸ்டர். கால் ஊன்றும் வளையத்தின் இடது பக்கத்து வார் நீண்டு தொங்கியதை அவரே கண்டுபிடித்துக் காட்டினார். பழைய சேணம் குப்பைக்குப் போனது. புதுச் சேணத்தில் இன்னும் சீக்கிரமாக, மூன்றாம் நாளே வலி வந்தது.

"அப்ப லாடம்தான்," என்றார் மாஸ்டர்.

பதினைந்து வருடமாக லாடம் அடித்தவர், காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு காலுக்கும் ஒரே மாதிரிதான் அடிச்சிருக்கேன் மாஸ்டர். இடது பக்கத்து லாடம் மட்டும் ஏன் இப்படித் தேயுதுன்னு நீங்கதான் யோசிக்கணும்."

மாஸ்டர் யோசிக்கவில்லை. அடுத்த வாரமே முதலாளியிடம் சொல்லி லாடக்காரரை வேலையிலிருந்து நிறுத்தச் செய்தார். பழகின மனிதரை அப்படி அனுப்பியதில் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மந்திரியின் உயிர் பெரிது.

டாக்டரம்மா இரண்டாம் தடவை வந்து இளக்கிவிட்டுப் போனார். மறுபடி ஓய்வு, கட்டை, கேரட். மறுபடி மந்திரி தேறியது. இந்தத் தடவை மாஸ்டர் எச்சரிக்கையாக இருந்தார்.

"இனிமே மாணவங்க யாரும் இது மேல ஏறக் கூடாது. கண்டவங்க ஏறி முதுகைக் கெடுத்துடறாங்க. காலையிலயும் சாயங்காலமும் நானே ஏறுறேன்," என்றார்.

இரண்டே நாளில் மந்திரி நொண்ட ஆரம்பித்தது.

வீட்டில் மாஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதக் கெடு முடிகிறது, வெள்ளிக்கிழமை லாரி வரும்.

"அழுதுட்டாவது சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "அப்புறம், வேற செருப்பு வாங்கணும். இடது செருப்பு மறுபடி தேஞ்சுபோச்சு. வலது புதுசாவே கிடக்கு. அப்படி எப்படித்தான் நடக்கறீங்களோ."

"ஒரு உயிர் போகப்போகுது. உனக்குச் செருப்புதான் முக்கியமா?" என்றார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்தார். முதலாளி வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விட்டுப்போன சுத்தியலையும் அரத்தையும் எடுத்துப்போக வந்த லாடக்காரர், கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

டாக்டரம்மா முதலில் மந்திரியைத் தனியாக ஓடவிட்டார். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் நேராக ஓடியது. பிறகு மாஸ்டரை ஏறச் சொன்னார். பத்தடி போவதற்குள் மந்திரி இடது பக்கம் சாய்ந்தது.

"இறங்குங்க. இப்ப இந்தக் கோடி வரைக்கும் நடங்க."

"குதிரையைப் பிடிச்சுக்கிட்டா?"

"அது இங்கேயே நிக்கட்டும். நீங்க மட்டும்."

மாஸ்டர் நடந்தார். மண்ணில் இடது காலடி ஆழமாகவும் வலது காலடி பட்டும் படாமலும் விழுந்தன. திரும்பி வரும்போது அவரே அதைப் பார்த்தார்.

டாக்டரம்மா அவருடைய வலது இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மாஸ்டர் முனகினார்.

"விழுந்தீங்களா?"

"லாயத்துல வழுக்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல." மாஸ்டர் முதலாளியின் பக்கம் பார்க்கவில்லை. "சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு…"

"எப்ப?"

"மழைக்காலத்துல."

"இதுக்கும் மழைக்காலத்துல இருந்துதான்," என்றார் டாக்டரம்மா, மந்திரியின் முதுகைத் தட்டி. "வலது பக்கம் வலிக்குதுன்னு உங்க பாரத்தை எல்லாம் இடது பக்கமா இது மேல இறக்கியிருக்கீங்க."

மாஸ்டர் மந்திரியின் கழுத்தில் கை வைத்தார். அது அவர் சட்டைப்பையில் கேரட் இருக்கிறதா என்று மோந்து பார்த்தது. மாஸ்டருக்கு அழுகை வந்தது.

வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. முதலாளி குதிரையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"இப்ப இந்த லாரிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

லாடக்காரர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க முதலாளி. லாரி சரியாத்தான் வந்திருக்கு, ஏற வேண்டிய ஆள்தான் மாறியிருக்கு."